சிறுபாணன் வழியில் ஒரு பேருந்து



இலக்கிய வட்டம் ஒன்று பத்தாண்டு நிறைவு காணும்போது மூன்று காரியங்கள் தவறாமல் இடம்பெறும். விழா மலர் வெளியிடப்படும். மூத்தவர்களுக்குப் பொன்னாடை போர்த்தப்படும். அடுத்த ஆண்டு எல்லாரும் சேர்ந்து ஒரு பேருந்தில் எங்கேனும் போய்வர வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றப்படும். முதல் இரண்டும் குறித்த நாளில் நடந்தேறிவிடுகின்றன. மூன்றாவது பெரும்பாலும் தீர்மானப் புத்தகத்திலேயே தங்கிவிடுகிறது.

தங்காமல் நடைபெறும் சுற்றுலாக்களின் போக்கும் எல்லாரும் அறிந்ததே. இரவு பத்து மணிக்குப் புறப்பாடு. பேருந்தின் முகப்பில் மாலை; சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். ஜன்னலோர இருக்கைக்காகச் சிறு பிணக்கு. கடைசி வரிசை இளைஞர்களுக்கு, முன்வரிசை முழங்கால் வலிக்காரர்களுக்கு. ஒரு திரைப்படம் ஓடி முடியும். அதன்பின் அனைவரும் உறக்கம். விடியும்போது முதல் தலம் வந்திருக்கும். ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகத் தலங்களையும் காட்டித் திருப்பிக்கொண்டு வந்து விடுகிற பேருந்துகள் கும்பகோணத்தைச் சுற்றி ஓடுகின்றன. அவற்றைக் குறை கூறுவதற்கில்லை. வேண்டுதல் உடையவர்க்கு வேண்டியது அதுவே. கவிஞர்கள் கூடிச் செல்லும் பயணமும் அதே கணக்கில் அமைந்துவிடுகிறது என்பதுதான் கவலைக்குரியது. இறங்க வேண்டிய இடங்கள் எல்லாம் பட்டியலில் உண்டு. இடைப்பட்ட வழி பட்டியலில் இல்லை. ஊர்கள் கண்ணில் படுகின்றன. ஊர்களுக்கு நடுவே கிடக்கும் நாடு, அதாவது வயலும் ஏரியும் கழியும் உப்பளமும் பனங்காடும், உறக்கத்திலேயே கழிந்துவிடுகிறது.

இது தமிழுக்கு நேர்ந்த விந்தை. வழியையே பொருளாகக் கொண்டு ஓர் இலக்கிய வகையைக் கண்ட மொழி இது. ஆறு என்றால் வழி, வழிப்படுத்துவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் பாதி, ஐந்து பாட்டுகள், ஆற்றுப்படைகளாகவே அமைந்தவை. முருகாற்றுப்படையைத் தனியே வைத்துவிட்டு மற்ற நான்கையும் எடுத்துக்கொண்டால், அவை நான்கும் பரிசில் பெற்றுத் திரும்புகிற கலைஞன், பெறாமல் வருகிற கலைஞனை இடைவழியில் கண்டு, ‘இவ்வழியே போ, இன்ன இடத்தில் இன்ன உணவு கிடைக்கும், இன்னார் வரவேற்பர்’ என்று சொல்லும் பாட்டுகள். புரவலனைப் புகழ்வதே நோக்கம் என்று பாடநூல்கள் எழுதிவிட்டன. நோக்கம் அதுவாகவே இருக்கட்டும். ஆயினும் பாட்டின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வது புரவலனோடு வழியும் வழிச்சோறும் அல்லவா? 583 அடிகள் கொண்ட மலைபடுகடாத்தைப் படித்தவர்க்கு நன்னனின் கொடையைக் காட்டிலும், பன்றிக்கென்று வைத்த பொறியில் கால் வைத்துவிடாதே, பாம்பு உறையும் குழியைப் பார்த்து நட, தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கல்லுக்கு மரத்தின் மறைவில் ஒதுங்கு, வழுக்கும் இடத்தில் கொடியைப் பற்றிக்கொள் என்னும் எச்சரிக்கைகளே நெஞ்சில் நிற்கும். சுற்றுலா வழிகாட்டிகள் எதிலும் இத்துணைப் பரிவு இராது.

இன்னொன்றும் கருதத்தக்கது. இப்பாட்டுகளில் எவரும் தனியே செல்வதில்லை. யாழ் தூக்கியவன், முழவு சுமந்தவன், விறலியர், இளையர், பிள்ளைகள் என்று ஒரு சுற்றமே நடக்கிறது. கூத்தர் தம் இசைக்கருவிகளைப் பைகளில் இட்டுக் கட்டிச் சுமந்து செல்லும் தோற்றம், பலாமரத்தில் கொத்தாய்க் காய்த்த காய்களை ஒக்கும் என்று மலைபடுகடாம் தொடங்குகிறது. பேருந்தின் மேல்தட்டில் மூட்டை முடிச்சுகளை ஏற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இவ்வுவமை அயலானதாய்த் தோன்றாது. தனியே அலைந்து தன்னைத் தேடும் பயணி பிற்காலத்து வரவு. தமிழ்ப் பாட்டில் முதலில் வழி நடந்தவர்கள் கூட்டமாய் நடந்தவர்கள், அடிக்கடி பசித்தவர்கள்.

அண்மைக் காலத்திலும் இவ்வழக்கம் அறவே அற்றுப் போகவில்லை. சிட்டியும் தி. ஜானகிராமனும் நண்பர்களோடு காவிரியை அதன் பிறப்பிடத்திலிருந்து கடல் வரை தொடர்ந்து சென்று எழுதிய ‘நடந்தாய், வாழி, காவேரி!’ 1971இல் நூலாயிற்று. அந்நூல் இன்றும் உயிரோடு இருப்பதற்கு ஆறு ஒரு காரணம் என்றால், கூடப் போனவர்களின் பேச்சு மற்றொரு காரணம். ஒருவர் கண்ட கோயிலை இன்னொருவர் கண்டுகொள்ளாமல் படித்துறையில் அமர்ந்திருப்பார்; அந்தப் படித்துறையும் நூலுக்குள் வந்துவிடும். கூடிச் செல்வதன் பயன் இதுவே.

இனி, ஒரு வழியைக் குறித்துச் சொல்ல வேண்டும். சென்னையிலிருந்தோ புதுவையிலிருந்தோ ஒரு பகலுக்குள் போய்வரத் தக்க வழி; பேருந்தின் எரிபொருட் செலவுக்கும் அஞ்ச வேண்டாத வழி. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே திட்டமிட்டு வைத்த வழி. அது சிறுபாணாற்றுப்படை சொல்லும் வழி.

269 அடிகளில் அமைந்த அப்பாட்டை இயற்றியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். பாடப்பெற்றவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். டாக்டர் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பித்த 1889ஆம் ஆண்டு முதல் இப்பாட்டு அச்சில் கிடைக்கிறது. புலவருடைய ஊர்ப்பெயரிலேயே நிலத்தின் அமைப்பு இருக்கிறது. கடலுக்கும் கழிக்கும் இடைப்பட்ட நாடு இடைக்கழிநாடு. செங்கல்பட்டு மாவட்டத்துச் செய்யூர் வட்டத்தில் அதே பெயரில் ஒரு பேரூராட்சியாக அது இன்றும் விளங்குகிறது. நல்லூரும் அங்கே உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் கடந்து, கல்பாக்கம் கடந்து, பாலாற்றுப் பாலமும் கடந்தபின் பேருந்து நத்தத்தனாரின் நாட்டுக்குள் நுழைகிறது. பயணிகளுள் எத்தனை பேர் அதை அறிவர்? பெயர்ப்பலகை ஊரைச் சொல்கிறது, புலவரைச் சொல்வதில்லை.

கடப்பாக்கத்தில் இறங்கினால் ஆலம்பரைக் கோட்டையின் இடிபாடுகள். நாணயச் சாலையும் துறையும் கொண்டிருந்த கோட்டை அது. 1750இல் பிரெஞ்சுக்காரர் வசம் வந்து, 1760இல் ஆங்கிலேயர் கைப்பற்றிச் சிதைத்தது. 2004 ஆழிப்பேரலையும் தன் பங்குக்குச் சில சுவர்களைச் சாய்த்தது. இங்கு அரைமணி நேரம் போதும். படம் எடுப்பவர்களுக்கு அதுவே மிகுதி.

சிறுபாணன் வழி உண்மையில் தொடங்குவது மரக்காணத்தில். பாட்டில் வரும் எயிற்பட்டினம் இவ்வூரே என்று ஆய்வாளர் பலரும் கருதுகின்றனர். எயில் என்றால் மதில். பெரிப்ளஸ் என்னும் பழைய கிரேக்கக் கடல்வழி நூல் சோபட்மா எனக் குறிக்கும் துறையும் இதுவே என்பர். சோ என்பதற்கும் மதில் என்றே பொருள். எயிற்பட்டினத்துக்குப் போகும் கடற்கரையை நத்தத்தனார் மலர்களால் அடையாளம் காட்டுகிறார். தாழை பூத்திருப்பது அன்னம் போலவும், செருந்தி பொன் போலவும், முண்டகம் நீலமணி போலவும், புன்னை முத்துப் போலவும் தோன்றுமாம். பட்டினத்தில் பரதவர் வீட்டில் வாட்டிய குழல்மீனும் தேறலும் கிடைக்கும். தேறலை அரிப்பவள் நுளைமகள். அவள் எரிக்கும் விறகு, அலை கொண்டுவந்து கரையில் ஒதுக்கிய மணமுள்ள மரம். ஒட்டகம் படுத்து உறங்குவதுபோல் அது கிடக்குமாம். ஒட்டகத்தைத் தமிழ்க் கடற்கரை மணலில் படுக்கவைத்த துணிவு அந்தப் புலவருக்கே உரியது.

இன்று அக்கரையில் விறகு என்றால் சவுக்கு. வெளிநாட்டிலிருந்து வந்து கடற்கரை முழுதும் பரவிவிட்ட மரம். அதைக் கண்டு வருந்தவும் வேண்டியதில்லை. காற்று வீசும்போது சவுக்கந்தோப்பு எழுப்பும் ஓசை எந்தத் திணைக்கும் பெருமை தருவதே. ஆனால் தாழையும் முண்டகமும் எங்கே இருக்கின்றன என்று தேடிப் பார்க்க வேண்டும். முண்டகத்தை இன்று கழிமுள்ளி என்பர். உவர்நீர் ஓரத்தில், முள்ளுள்ள இலையோடு, நீலப் பூவோடு நிற்கும். நெய்தல் திணை என்று தலைப்பிட்டுக் கவிதை எழுதுவோர் தொகை பெருகியிருக்கிறது. நெய்தலையும் தாழையையும் கழிமுள்ளியையும் நேரில் கண்டவர் அவர்களுள் எத்தனை பேர் என்பது கேட்கக் கூடாத கேள்வியாகவே இருந்துவருகிறது. ஒரு பேருந்து அக்கேள்விக்கு அரைநாளில் விடை தந்துவிடும்.

மரக்காணம் உப்பு விளையும் ஊர். வெயிற்காலத்தில் பாத்தி பாத்தியாய்க் கண்கூசும் வெண்மை. மழைக்காலத்தில் அதே இடம் வெறும் நீர்ப்பரப்பு. வெயில் ஏறுமுன் வேலை முடிய வேண்டும் என்பதால் உப்பளத் தொழிலாளர் இருள் பிரியாத வேளையிலேயே பாத்திகளில் இறங்கிவிடுகின்றனர். எட்டு மணிக்கு வந்து இறங்கும் சுற்றுலாப் பயணி காண்பது குவித்த உப்பை மட்டுமே, குவித்தவர்களை அல்லர். ஆகவே பேருந்து சென்னையிலிருந்து பின்னிரவில் புறப்பட வேண்டும். உறக்கம் கெடும், கெடட்டும்.

அங்கே பக்கிங்காம் கால்வாயின் தென்முனையும் இருக்கிறது. ஆந்திரக் கரையிலிருந்து கடலோரமாகவே வந்து மரக்காணத்துக் கழியில் முடியும் நீர்வழி அது. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும் பஞ்சத்தின்போது, பசித்தவர்களுக்குக் கூலி தரும் வேலையாக அதன் சில பகுதிகள் வெட்டப்பட்டன. அன்றைய சென்னை ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரும் அதற்கு அப்போதே வந்தது. உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் அதில் நெடுங்காலம் ஓடின. உப்பையும் பசியையும் ஒரே இடத்தில் நினைக்கவைக்கும் நிலம் இது. சிறுபாணாற்றுப்படையின் உள்ளத்தைத் தொட வேண்டுமானால் இந்த இடத்தில்தான் பாட்டை விரித்துப் படிக்க வேண்டும்.

காரணம் உண்டு. வழி சொல்லும் பாணன், தானும் முன்பு எப்படி இருந்தவன் என்பதை மறைக்காமல் சொல்கிறான். அவன் வீட்டு அடுக்களையில் அண்மையில் குட்டி ஈன்ற நாய். கண் திறவாத குட்டிகள் பால் இல்லாத மடியைப் பற்றி இழுக்க, நோவு பொறுக்காமல் அது குரைக்கிறது. கூரை கட்டு விட்டுப்போயிற்று. சுவரில் கறையான், அடுப்படியில் காளான். பசியால் மெலிந்த கிணைமகள், குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளிவந்து வேகவைக்கிறாள். போட உப்பில்லை. உப்பில்லாத கீரையை, அறிவில்லாதார் யாரேனும் பார்த்துவிடுவார்களோ என்ற நாணத்தால் கதவை அடைத்துவிட்டு, சுற்றம் முழுதும் கூடி அமர்ந்து உண்கிறது.

உப்பில்லாத கீரையைத் தின்ற அந்தப் பாணன் சொல்லும் வழி, உப்பு விளையும் கடற்கரையில் தொடங்குகிறது. நத்தத்தனார் இதை எண்ணியே அமைத்தாரா என்று யாரும் உறுதி கூற இயலாது. அவர் கழிக்கும் கடலுக்கும் இடையே பிறந்தவர். உப்பு அவருக்கு நாள்தோறும் கண்ணில் படும் பொருள். கீரைக்கு உப்பில்லை என்று ஒருவன் சொன்னால் அதன் ஆழம் அவருக்குத் தெரிந்திருக்கும். மதுரையிலோ உறையூரிலோ இருந்து எழுதியிருந்தால் உப்புக்குப் பதில் வேறொன்றைச் சொல்லியிருக்கக்கூடும். மரக்காணத்துப் பாத்திக்கரையில் நின்று அவ்வடிகளைப் படித்தால் இவ்வெண்ணம் தானே எழும். மன்றத்து அறையில் நூறுமுறை படித்தாலும் எழுவது அரிது.

உப்புக்கும் கூட்டமாய் நடப்பதற்கும் தமிழ்நாட்டில் இன்னோர் உறவும் உண்டு. 1930 ஏப்ரலில் இராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்தபோது, நாமக்கல் கவிஞர் எழுதித் தந்த பாட்டே அவர்களுக்கு நடைப்பாட்டாயிற்று. வழியில் அவர்களுக்குச் சோறிடுவோர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் தோர்ன் அறிவித்திருந்தார். சோறு எப்படியோ வந்துகொண்டேயிருந்தது. மரக்கிளையில் பொட்டலமாய்த் தொங்கியும் வந்தது என்பர். கூட்டம், பாட்டு, வழிச்சோறு, முடிவில் உப்பு: இருபதாம் நூற்றாண்டில் எழுதப்படாமல் போன ஓர் ஆற்றுப்படை அது.

மரக்காணத்தை விட்டுப் பேருந்து மேற்கே திரும்பும் முன், தெற்கே கழுவேலியை எட்டிப் பார்ப்பது நல்லது. மழைநீரும் கடல்நீரும் கலக்கும் பெரும் ஏரி. எடையந்திட்டுக் கழிமுகத்தின் வழியே கடலைத் தொடுவது. 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் வலசைப் பறவைகள் வந்து இறங்கும். பறவையின் பெயர் தெரிந்த ஒருவர், பள்ளி ஆசிரியரோ மீனவரோ வனக்காவலரோ, உடன் வந்தால் போதும், ஒலிபெருக்கி வேண்டாம். பேருந்தில் பாட்டுப் போடுவது பற்றி வட்டத்தில் கருத்து வேறுபாடு எழக்கூடும். கழுவேலிக்கு இரண்டு மைல் முன்பாகவாவது அதை நிறுத்திவிடுவது பறவைகளுக்குச் செய்யும் மரியாதை.

அடுத்து வருவது வேலூர். கோட்டையுள்ள வேலூர் அன்று. இவ்வட்டாரத்து உப்புவேலூரே பாட்டின் வேலூர் என்பது பலர் துணிபு. கடல் பின்னே போய் முல்லை நிலம் தொடங்கும் இடம். அவரை பவழம் போலப் பூக்கும், காயா மயில் போலப் பூக்கும், காந்தள் கைவிரல் போல விரியும் என்று பாட்டுச் சொல்கிறது. மழைக்குப்பின் தரையில் ஊரும் சிவந்த பட்டுப்பூச்சியையும் விடவில்லை. அங்கே எயிற்றியர் சமைத்துத் தருவது என்ன தெரியுமா? புளியிட்டு ஆக்கிய சுடுசோறு. அதனுடன் ஆமான் இறைச்சி. இறைச்சியை விட்டுவிட்டால் மிஞ்சுவது, சுற்றுலாப் பேருந்துகளில் இன்றும் வாழையிலையில் கட்டிவரும் புளிச்சோறுதான். வழிப்பயணத்துக்குப் புளிச்சோறு என்னும் வழக்கின் வேர் எவ்வளவு ஆழமானது என்பதை அறியாமலேயே தலைமுறை தலைமுறையாக மக்கள் அதைக் கட்டிக்கொண்டு போகின்றனர். பாட்டில் அது சுடச்சுடக் கிடைத்தது என்பதே வேறுபாடு.

பின்னர் ஆமூர், மருத நிலம். திண்டிவனத்தை அடுத்த நல்லாமூர் அது என்று கொள்வர். காஞ்சி மரக்கிளையில் நெடுநேரம் காத்திருந்த மீன்கொத்தி, குளத்தில் பாய்ந்து மீனைக் கவர்கையில் தாமரையிலையில் அதன் நகம் கிழித்த தடம் தெரியும். அந்தத் தடத்தைக் கண்ட கண் புலவருடையது. காஞ்சி மரம் இருந்த இடத்தில் மின்கம்பி இருக்கலாம்; மீன்கொத்தி கம்பியிலும் அப்படியேதான் காத்திருக்கிறது. உழவர் வீட்டில் உலக்கையால் குற்றிய அரிசிச் சோறும் நண்டுக் கலவையும் கிடைக்கும் என்கிறது பாட்டு. நெய்தலில் மீன், முல்லையில் புளிச்சோறு, மருதத்தில் வெண்சோறும் நண்டும் என்று நிலம் மாறுவதை வயிறே அறியும்படி வழி வகுக்கப்பட்டிருக்கிறது. நெடுஞ்சாலை உணவகத்தில் நிலம் எதுவாயினும் பரோட்டா ஒன்றே.

முடிவில் கிடங்கில். திண்டிவனத்தின் ஒரு பகுதி இன்றும் கிடங்கல் என்றே வழங்குகிறது. கிடங்கு என்றால் அகழி. திண்டிவனம் என்ற பெயரோ புளியங்காட்டைக் குறிக்கும் திந்திரிணி வனத்திலிருந்து வந்தது என்பர்; அங்குள்ள சிவன் கோயிலின் இறைவரும் திந்திரிணீசுவரரே. புளிச்சோற்றின் கதை இங்கும் விடவில்லை. கவிஞர்கள் கேட்டு மகிழத் தக்க செய்தி ஒன்றுண்டு. கிடங்கில் என்னும் ஊர்ப்பெயரோடு மூன்று புலவர்கள் சங்கத் தொகை நூல்களில் இடம்பெற்றிருக்கின்றனர்: காவிதிக் கீரங்கண்ணனார், காவிதிப் பெருங்கொற்றனார், குலபதி நக்கண்ணனார். ஓர் ஊரில் மூன்று கவிஞர் என்றால் அங்கே ஒரு வட்டம் இருந்திராமல் இருக்குமா? நிகழ்ச்சிக் குறிப்பேடுதான் கிடைக்கவில்லை.

நல்லியக்கோடனின் வாயிலைப் பாட்டு எப்படிக் காட்டுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பொருநர் வந்தாலும், புலவர் வந்தாலும், மறை ஓதும் அந்தணர் வந்தாலும் அந்த வாயில் மூடுவதே இல்லை. பாட்டின் நடுவில், நாணத்தால் அடைத்த ஓர் அடுக்களைக் கதவு. பாட்டின் முடிவை நெருங்குகையில், யார்க்கும் அடையாத ஒரு பெருவாயில். இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவுதான் அந்த வழி முழுதும். வீமனின் மடைநூல் வழுவாமல் சமைத்த உணவைப் பொற்கலத்தில் இட்டு, அரசன் தானே நின்று உண்பிக்கிறான். சுற்றத்தோடு போனவனுக்கு இது நேர்கிறது.

உரையாசிரியர்கள் பொதுவாக விரைந்து கடந்துவிடும் ஓர் இடம் இதற்குப்பின் வருகிறது. பரிசிலின் இறுதியில் அவன் தருவது, தச்சரின் கைவினை முற்றிய ஊர்தி. வலிய எருது பூட்டியது. ஓட்டுவதற்கு வலவனையும் உடன் அனுப்புகிறான். நடந்து சென்றவர்கள் வண்டியில் திரும்புகின்றனர். பாட்டின் தொடக்கத்தில் விறலியின் கால்கள் சுரத்து நடையால் ஓய்ந்து, மரநிழலில் இளையர் அவற்றை மெல்ல வருடிக்கொண்டிருந்தனர் என்பதை நினைத்தால் அந்த வண்டியின் அருமை விளங்கும்.

இன்றைய சுற்றுலா இருவழியும் வண்டியில். இங்கேதான் அது ஆற்றுப்படையிலிருந்து பிரிந்துபோகிறது. ஓய்வுக்காகப் போகிற பயணத்தில் நடக்கச் சொல்வது கொடுமை என்று மூத்தவர்கள் எண்ணக்கூடும். முழுவதும் நடக்க வேண்டியதில்லை. உப்பளக் கரையில் ஒரு மைல், கழுவேலி ஓரத்தில் அரை மைல், நல்லாமூர் வயல்வரப்பில் கால் மைல் போதும். நடக்க இயலாதவர் பேருந்திலேயே இருந்து, நடந்து திரும்புவோர் சொல்வதைக் கேட்கலாம். கால் ஓய்ந்தவரைச் சுற்றம் பார்த்துக்கொள்ளும் என்பதற்குப் பாட்டிலேயே சான்று இருக்கிறதே.

ஓய்வு என்பதன் பொருளையும் இவ்வழி சற்று மாற்றிவிடும். மலைவாசத் தலத்தில் சாய்வு நாற்காலியில் கிடப்பதும் ஓய்வுதான். ஆயினும் ஏழெட்டு மணி நேரம், கடலிலிருந்து உள்நாட்டுக்கு, நெய்தலும் முல்லையும் மருதமுமாக நிலம் மெல்ல மெல்ல நிறம் மாறுவதை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, பக்கத்து இருக்கையில் இருப்பவரோடு சண்டையின்றிப் பேசிக்கொண்டு போவது வேறொரு வகை ஓய்வு. கூட்டங்களில் பத்தாண்டு அருகருகே அமர்ந்தும் ஒருவர் கவிதையை மற்றவர் மறுத்தே பழகிய இருவர், மரக்காணத்துத் தேநீர்க் கடையில் ஒரே குவளையை இருவராய்ப் பகிர நேர்ந்தால் அவ்வாண்டு விமரிசனக் கட்டுரைகளின் சூடு சற்றே தணியவும் கூடும்.

இலக்கிய வட்டங்களின் நிலையை இவ்விடத்தில் ஒளிக்காமல் கூறிவிடுவது நன்று. மாதம் ஒரு கூட்டம். நூலக மாடியிலோ பள்ளிக்கூட வகுப்பறையிலோ இருபது நாற்காலி. கவிதை படிப்போரும் கேட்போரும் அவர்களே. வெளியே தெருவில் போகிறவர் எட்டிப் பார்த்தால் பேச்சு ஒரு கணம் நின்றுவிடுகிறது. அறியாதார் நகைப்பரோ என்னும் அந்தப் பழைய நாணம்தான்! கதவு அடைக்கப்படுகிறது, உள்ளே கீரை பகிர்ந்து உண்ணப்படுகிறது. பகிர்ந்து உண்பது பெருமைக்குரியதே. வறுமையிலும் அச்சுற்றம் தனித்து உண்ணவில்லை என்பதால்தான் அவ்வடிகள் இன்றும் நெஞ்சை உருக்குகின்றன. ஆனால் அந்தப் பாணன் அடுக்களையிலேயே தங்கியிருந்தால் சிறுபாணாற்றுப்படை ஏது? கதவைத் திறந்துகொண்டு சுற்றத்தோடு வெளியே வந்தான், உப்புள்ள நாட்டின் வழியே நடந்தான், பெற்றுத் திரும்பினான். திரும்பும் வழியில் கண்ட இன்னொருவனுக்கு வழியும் சொன்னான்.

அந்தக் கடைசிச் செயலைச் சுற்றுலாத் திட்டத்தில் சேர்த்துவிட வேண்டும். பெற்ற வளத்தைப் பெறாதவர்க்கு அறிவித்து அவரும் பெறச் செய்வதே ஆற்றுப்படை என்று தொல்காப்பியப் புறத்திணையியல் இலக்கணம் வகுத்திருக்கிறது. சுற்றுலா முடிந்து வந்தபின் வழக்கமாய் வெளியாவது ஒரு புகைப்படம்: முப்பது பேர், இரண்டு வரிசை, பின்னே கோபுரம். அதற்குப் பதிலாக எட்டுப் பக்கத்தில் ஒரு சிறு வழிநூல் எழுதலாம். எங்கே கழிமுள்ளி நின்றது, எந்தத் திருப்பத்தில் கடல் கண்ணை விட்டு மறைந்தது, உப்பளத்தில் எந்த மணிக்கு வேலை முடிகிறது, எந்த ஊரில் குடிநீர் கேட்டபோது மோர் வந்தது என்று குறித்து வைத்தால், அடுத்த ஆண்டு வேறு ஊரின் வட்டத்தார்க்கு அது கைகொடுக்கும். கவிதை எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சுற்றுலாவிலிருந்து திரும்பியதும் ஆளுக்கொரு கவிதை தந்தாக வேண்டும் என்று சில வட்டங்களில் விதி இருக்கிறது. அந்த விதியால் விளைந்த கவிதைகளைப் படித்தவர்கள் அதை மறுபடி விதிக்க மாட்டார்கள்.

காலம் தை, மாசி. மழை ஓய்ந்து, கழுவேலியில் பறவை இருக்கும், உப்பளத்தில் பாத்தி கட்டி உப்பு விளையத் தொடங்கியிருக்கும், வயலில் அறுவடை. பின்னிரவு மூன்று மணிக்குப் புறப்பட்டால் விடியலில் மரக்காணம், முற்பகலில் உப்புவேலூர், உச்சிக்கு நல்லாமூர், மாலை வெயிலில் கிடங்கல். பந்தியில் வலவனுக்கும் ஓர் இலை போட மறக்கக் கூடாது. பேருந்தை ஓட்டுபவரை வண்டியிலேயே விட்டுவிட்டு உண்ணப் போகும் வழக்கம் பல குழுக்களில் இருக்கிறது. புளிச்சோற்றை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போகலாம். உப்பை மட்டும் சற்றுக் குறைத்துப் போட்டுக் கட்டினால் போதும். மரக்காணத்தில் ஒரு கைப்பிடி வாங்கிக்கொள்ளலாம்.